பதினோராம் பொருத்தம்

சுவரில் படுத்த வாக்கில் ஓடிக்கொண்டிருந்தாள் வஞ்சி.

மரணக்கிணற்றின் பலகைகள் அவளுடைய சக்கரத்துக்கு அடியில் தடதடத்தன. மேலே விளிம்பைச் சுற்றிக் கூட்டம். கீழே மணல். வஞ்சி இரண்டுக்கும் நடுவில், தரைக்குப் படுக்கையாக, இடப்புறமாகத் திரும்பித் திரும்பி வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டி மின்சாரத்தில் ஓடுவது. ஊரில் எல்லா வண்டியும் இப்போது அப்படித்தான். ஆனால் சத்தம் இல்லாத மரணத்தை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதில்லை என்று கிணற்று முதலாளி அஸ்வின் பழைய பெட்ரோல் உறுமலை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்.

அந்தக் காலத்தில் மேலிருந்து ரூபாய் நோட்டை நீட்டுவார்களாம். ஓட்டுகிறவர் பாய்ந்து ஏறிப் பறித்துக்கொள்வாராம். காகித நோட்டே ஒழிந்துபோன பிறகு கைக்குட்டை நீட்டினார்கள், பூ நீட்டினார்கள். ஒருமுறை ஒருவர் முறுக்கு நீட்டினார். எதை நீட்டினாலும் வண்டி நெருங்கும்போது கை தன்னால் பின்னால் போய்விடும். பயம் கைக்குத்தான் முதலில் வரும்.

இன்றைக்கு ஒரு கை பின்னால் போகவில்லை.

பெண்ணின் கை. மல்லிகைச் சரம், நடுவில் பச்சையாக மரிக்கொழுந்து. எந்த உயரத்தில் பிடித்தால் எட்டும் என்று அளந்து வைத்த மாதிரி நின்றது அந்தக் கை. வஞ்சி ஹேண்டில்பாரிலிருந்து வலக்கையை எடுத்தாள், ஏறினாள், பறித்தாள். கூட்டம் கத்தியது. யார் என்று பார்க்க முடியவில்லை. அந்த வேகத்தில் முகங்கள் எல்லாம் ஒரே கோடு.

கீழே அஸ்வின் சிவப்புத் துணியை ஆட்டினார். உடனே இறங்கு.

வஞ்சி வட்டத்தைத் தாழ்த்தித் தாழ்த்தி மணலுக்கு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றுமுன் வழக்கம்போல அடிப்பலகையில் இருந்த படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஹெல்மெட் போட்ட ஒரு பெண். தலை இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அடியில் மங்கிய எழுத்து: வலஞ்சுழி வனிதா.

கிணற்றில் எல்லாரும் இடமாகத்தான் சுற்றுவார்கள். உலகத்தில் எங்கே போனாலும் அப்படித்தான் என்பார் அஸ்வின். வனிதா ஒருத்திதான் வலமாகச் சுற்றினவள். அவள் இருந்தவரை இரண்டு வண்டிகள் எதிரும் புதிருமாக வந்து சுவரில் கடக்கும். எதிர்ச்சுத்து என்று பெயர். பார்த்தவர்கள் மூச்சு விட மறந்தார்களாம். ஒருநாள் அவள் வரவில்லை. துபாய் போய்விட்டாள் என்றார்கள், சாமியாராகிவிட்டாள் என்றார்கள். ஹெல்மெட்டுக்குள் இருந்த முகம் அஸ்வினுடைய அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"படத்தை அப்புறம் கும்பிட்டுக்கலாம்," என்றார் அஸ்வின். "உங்கப்பா போன் மேல போன். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க இன்னைக்கே வர்றாங்களாம்."

"நாளைக்குத்தானுங்கண்ணா?"

"நாளைக்குக் கரிநாளாம். மாப்பிள்ளையோட அம்மா இப்பத்தான் கூப்பிட்டுச் சொன்னாங்களாம். வளையக்காரரையும் கூட்டிட்டு வர்றாங்களாம்."

சுவரில் ஓடும்போது வராத வியர்வை வஞ்சிக்கு அப்போது வந்தது.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்த ஊரில் பதினோராவதாக எலும்புப் பொருத்தம் வந்து சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. மூட்டுவலி வருமுன் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில் செய்த வளையக் கருவி அது. உடம்பை ஒருமுறை சுற்றி வந்தால், எந்தத் தசை எந்த எலும்பை எத்தனை காலம் எந்தப் பக்கம் இழுத்தது என்று சொல்லிவிடும். காப்பீட்டுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வேலை கொடுக்கிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் கல்யாணத் தரகர்கள் கையில் வந்து விழுந்தது. வஞ்சியின் தோழி ஒருத்தியை வீட்டோடு இருக்கும் பெண் என்று சொல்லித்தான் பேசி முடித்தார்கள். அவள் பனியன் கம்பெனியில் தைத்தவள் என்று மணிக்கட்டு சொல்லிவிட்டது. பந்தக்கால் நட்ட பிறகு கல்யாணம் நின்றது.

வஞ்சி மோட்டார் கம்பெனியில் பிரேக் வடிவமைக்கிற இன்ஜினியர். தரகருக்கு அது மட்டும் தெரியும். சனி, ஞாயிறு எங்கே போகிறாள் என்பது அப்பா அம்மாவுக்கு மட்டும் தெரியும். மாப்பிள்ளை செங்கோடனுக்கு? கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவன். தன் ஜோக்குக்கு யாரும் சிரிக்காவிட்டால் தானே சிரித்து முடித்து வைக்கிறவன். வெளியே சந்தித்துப் பேசியதில் வஞ்சிக்கு அவனைப் பிடித்துப் போய்விட்டது. இரண்டு முறை உண்மை நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு முறையும் அவன் ஏதோ ஒரு செடியைக் காட்டிப் பேச்சை மாற்றிவிட்டான்.

அவனும் வேண்டும், சுவரும் வேண்டும். அவள் எலும்போ இரண்டில் ஒன்றைத்தான் விட்டுவைக்கும் போலிருந்தது.

சிங்காநல்லூர் வீட்டு வாசலில் அப்பா பிரணவ் கையில் பட்டுப்புடவையோடு நின்றார். அம்மா ஸ்மிருதி கையில் டம்ளர்.

அந்தத் தலைமுறைக்கு அப்படித்தான் பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் காலத்தில்தான் வஞ்சி, செங்கோடன் என்று பழம்பெயர்கள் திரும்பி வந்தன.

"குடி," என்றாள் அம்மா.

"மறுபடியும் ஆட்டுக்கால் சூப்பாம்மா? ஒரு மாசமாக் குடிக்கறேன். இனி எனக்குக் குளம்புதான் முளைக்கும்."

"எலும்புக்கு நல்லது. எல்லாப் பொண்ணூட்டுலயும் இதான் குடுக்கறாங்க."

"எலும்பு நல்லாத்தான்மா இருக்கு. அது வாயைத் தொறந்துரும்னுதான் பயம்."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "பயப்படாத. நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். மாப்பிள்ளையோட அம்மா ஹர்ஷிதா இருக்காங்கல்ல, அவங்களுக்கும் தலை கொஞ்சம் சாஞ்சாப்பலதான் இருக்கும். கல்யாணத்துக்கு முந்தி பிள்ளையார் கோயிலை விடாமச் சுத்திச் சுத்தி அப்படி ஆயிருச்சாம். அந்த ஊரே சொல்லுது. பக்திமான்னு பேரு. நம்மளும் அதே கதையைச் சொல்லிருவோம்."

"கோயிலைச் சுத்துனா கழுத்து எப்படிப்பா சாயும்?"

"அவங்களுக்குச் சாஞ்சிருக்குதல்ல?"

பதில் சொல்ல நேரமில்லை. வெளியே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. வஞ்சி பேன்ட்டுக்கு மேலேயே புடவையைச் சுற்றினாள். பூ வாங்கி வைக்கவில்லை. சட்டைப் பைக்குள் கசங்கியிருந்த மல்லிகைச் சரம் நினைவுக்கு வர, உதறி எடுத்துத் தலையில் சொருகிக்கொண்டாள்.

வந்தது நான்கு பேர். செங்கோடன். அவன் பெரியப்பா தர்ஷன். காப்பீட்டுக் கம்பெனியில் ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளையின் அப்பா கப்பலில் இருந்ததால் இவர்தான் தலைமை. ஒரு பெரிய வட்டப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளையக்காரர் ரித்தீஷ். கடைசியாக ஹர்ஷிதா. தலையை இடப்பக்கம் சாய்த்து, எதையும் ஒரு கோணத்தில் பார்க்கிற பெண்மணி. பேசவில்லை.

சமையலறையில் அம்மா முணுமுணுத்தாள். "பொண்ணுப் பாக்க வர்ற அம்மா தலையில ஒரு முழம் பூ இல்ல பாத்தியா? நம்மளுக்கு அவ்வளவுதான் மருவாதி."

வஞ்சி காபித் தட்டோடு போனாள். ஹர்ஷிதா காபியை எடுத்தார். வஞ்சியின் தலையைப் பார்த்தார். புரை ஏறி இரண்டு முறை இருமினார்.

"ஆரம்பிச்சரலாமுங்களா?" என்றார் தர்ஷன். "மனுசன் பொய் சொல்லுவான். எலும்பு சொல்லாது. முப்பத்தஞ்சு வருச சர்வீஸ்ல நான் கத்துக்கிட்டது அதானுங்க."

வஞ்சி மணைமேல் நின்றாள். ரித்தீஷ் பெட்டியைத் திறந்து, பெரிய வளையம் ஒன்றை எடுத்தார். அவள் தலைக்கு மேல் பிடித்து மெல்ல இறக்கத் தொடங்கினார். அவர் வாய் சும்மா இருக்காது.

"வலிக்காது கண்ணு. தசைக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு கயிறு இருக்கு பாரு, அதுக்குத் தசைநாண்னு பேரு. தசை இழுத்தா நாண் இழுக்கும், நாண் இழுத்தா எலும்பு அந்த இடத்துல கொஞ்சம் கொஞ்சமா மேடு போட்டுக்கும். நங்கூரம் மாதிரி. எலும்பையும் எலும்பையும் கட்டி வெக்கறது தசைநாரு. அதுவும் எந்தப் பக்கம் நெறைய இழுபடுதோ அந்தப் பக்கம் தடிச்சுக்கும். இந்த வளையம் மேட்டையும் தடிப்பையும் பாத்துட்டு நீ என்ன பண்ணிட்டு இருந்தன்னு சொல்லிரும்."

"ஏன் பண்ணுனேன்னு சொல்லுமுங்களா?"

"அதுக்கெல்லாம் வாயி இல்ல," என்றார் ரித்தீஷ். "நேத்து ஒரு ஊட்டுல பொண்ணுக்குத் தோள்பட்டை பெருசுன்னு வேண்டாம்னுட்டாங்க. படுத்த படுக்கையா இருந்த அப்பனைத் தூக்கித் தூக்கி வந்த தோளு அது. வளையத்துக்கு எடை தெரியும், அப்பன் தெரியுமா?"

"ரித்தீஷ், வேலையைப் பாருங்க," என்றார் தர்ஷன்.

வளையம் கணுக்காலுக்கு இறங்கியது. சுவரில் ஒளியால் வரைந்த வஞ்சி எழுந்து நின்றாள், தோலில்லாமல். செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண்குரல் பேசத் தொடங்கியது.

"முழங்கால் நலம். முதுகெலும்பு நலம். எலும்பின் அடர்த்தி மிக நன்று."

அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். ஆட்டுக்காலின் வெற்றி.

"இடத் தோளில் காரை எலும்பு முறிந்து சேர்ந்திருக்கிறது."

"சின்னப் புள்ளையில ஊஞ்சல்ல இருந்து விழுந்துட்டா," என்றார் அப்பா சட்டென்று.

"முறிவின் வயது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்."

அப்பா விடவில்லை. "பெரிய ஊஞ்சலுங்க."

"வலக்கழுத்துத் தசை இடதைவிடத் தடித்தது. காதுக்குப் பின்னால் எலும்பு மேடு உயரம். இது வட்டத்தில் நெடுங்காலம் சுற்றிய உடல்."

இதுதான் சமயம். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுங்களா, அது கோயில் சுத்துறதுங்க. நம்ம புள்ளைக்குப் பிள்ளையார்னா உசுரு. சனி, ஞாயிறு ஆனாப் போதும், சுத்துவா சுத்துவா, சுத்திக்கிட்டே இருப்பா."

தர்ஷன் முகம் மலர்ந்தது. "அடடா. எங்க ஹர்ஷிதாவும் அப்படித்தானுங்க. சுத்தியே கழுத்து சாஞ்சு போச்சு. பாத்தியா ஹர்ஷிதா, உனக்கேத்த மருமக."

ஹர்ஷிதா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மறுபடியும் இருமல் போலிருந்தது.

"சுற்றிய திசை இடம்," என்றது குரல்.

செங்கோடன் கையிலிருந்த பஜ்ஜி பாதி வழியில் நின்றது.

தர்ஷன் மெதுவாகக் கேட்டார். "பிள்ளையாரை... இடமாவா சுத்துறாங்க?"

அப்பா பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். வலம் வருவதற்குப் பெயரே வலம். அதை மறந்துவிட்டிருந்தார்.

"நம்ம ஊர்ல எந்தக் கோயிலுங்க இடமாச் சுத்துவாங்க? ஏதாச்சும் மாந்திரீகமா?"

"ஐயோ, இல்லீங்க..."

குரல் தன் பாட்டுக்குத் தொடர்ந்தது. "இந்த எலும்புகள் இந்த உடலின் எடையைப் போல் மூன்று மடங்கு தாங்கப் பழகியவை."

"மூணு பேர் எடையோட, தப்புத் திசையில, சாமியைச் சுத்துறாங்களாக்கும்," என்றார் தர்ஷன். எழுந்தார். "மன்னிச்சுக்கோங்க. இந்தப் பேச்சு இத்தோட..."

"உக்காருங்க பெரியப்பா," என்றாள் வஞ்சி.

மணையிலிருந்து இறங்கவில்லை அவள். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கினாள். கீழே பேன்ட்டும், மணல் ஒட்டிய பூட்ஸும்.

"நான் கோயில் சுத்தல. கிணறு சுத்துறேன். பொருட்காட்சியில மரணக்கிணறு இருக்குதல்லங்க, அதுல சிவப்பு ஹெல்மெட் நான்தான். சுவத்துல ஓடும்போது நம்ம எடை நமக்கே மூணு மடங்காத் தெரியும். படுத்த வாக்குல போறதுனால தலை ஒரு பக்கமாக் கீழ தொங்கப் பாக்கும், மறுபக்கக் கழுத்து அதை விடாமப் புடிச்சுக்கும். அதான் இது. காரை எலும்பு விழுந்து ஒடஞ்சது, ஆனா ஊஞ்சல்ல இல்லீங்க. அப்பா என்னைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொன்னாரு. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்." செங்கோடனைப் பார்த்தாள். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா சுவத்தை விட மாட்டேனுங்க. ரெண்டும் வேணும். ஒண்ணுதான் கிடைக்கும்னா, அதை இப்பவே சொல்லிருங்க."

செங்கோடன் பஜ்ஜியைத் தட்டில் வைத்தான்.

"ரெண்டு தடவை ஏதோ சொல்ல வந்தீங்களே. இதைத்தானுங்களா?"

"ஆமாங்க."

"ரெண்டு தடவையும் நான் செடியைக் காட்டுனேனா?"

"காட்டுனீங்க."

"அது வெறும் நாயுருவிங்க," என்றான் அவன் வருத்தமாக. "மரணக்கிணத்துக்கு நடுவுல நாயுருவியைக் கொண்டாந்து நட்டிருக்கேன்." அவனே சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா கேலரியில நின்னுட்டுப் பயந்துக்கறேன். அதுக்கு ஒண்ணும் தடையில்லீங்களே?"

"செங்கோடா," என்றார் தர்ஷன். "இது உன் ஒருத்தன் விசயமில்ல. கெடக்கற கெணறெல்லாம் சுத்துற பொண்ணு நம்ம ஊட்டுக்கு..."

"மாமா," என்றார் ஹர்ஷிதா.

வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் சொல் அது.

"ரித்தீஷு, அந்த வளையத்தை இப்படிக் கொண்டா."

"உங்களுக்குங்களாக்கா? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்குப் போடற வழக்கம் இல்லீங்களே."

"அதானே. பொண்ணுங்க எலும்பு மட்டும் பேசணும், நம்ம எலும்பு கம்முனு இருக்கணும். இன்னைக்கு இதுவும் பேசட்டும்."

மணையிலிருந்து வஞ்சியை இறக்கிவிட்டு ஏறி நின்றார். ரித்தீஷ் தர்ஷனைப் பார்த்தார், செங்கோடனைப் பார்த்தார், பிறகு வளையத்தை இறக்கினார். சுவரில் வஞ்சிக்குப் பக்கத்தில் இன்னோர் ஒளியுருவம் எழுந்தது.

"வலமுழங்காலில் தேய்மானம்," என்றது குரல். "இடக் கழுத்துத் தசை வலதைவிடத் தடித்தது. காதுக்குப் பின்னால் எலும்பு மேடு உயரம். இது வட்டத்தில் நெடுங்காலம் சுற்றிய உடல். சுற்றிய திசை வலம்."

"பாத்தீங்களா," என்றார் தர்ஷன் எல்லாரையும் பார்த்து. "இதுதான் கோயில் சுத்துன கழுத்து."

"இந்த எலும்புகள் இந்த உடலின் எடையைப் போல் மூன்று மடங்கு தாங்கப் பழகியவை. செய்த வேலை நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. தடம் மறையவில்லை."

தர்ஷன் உட்கார்ந்துவிட்டார்.

சுவரில் இரண்டு எலும்புக்கூடுகளும் அக்கம்பக்கமாக நின்றன. ஒன்றின் தலை வலப்பக்கம். ஒன்றின் தலை இடப்பக்கம். கண்ணாடிக்கு முன்னால் ஒருத்தி நின்ற மாதிரி.

"கோயிலைச் சுத்துனாக் காலுதானுங்க மாமா வலிக்கும்," என்றார் ஹர்ஷிதா. "கழுத்து எதுக்குங்க சாயுது? இத்தனை வருசத்துல ஒருத்தர்கூட என்னைக் கேட்கல. ஆனா அந்தக் கதையை இன்னொருத்தர் வாயில கேட்டப்பத்தான் எனக்குச் சிரிப்பை அடக்க முடியல."

தினமும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட படம் வஞ்சிக்கு நினைவுக்கு வந்தது. இடப்பக்கம் சாய்ந்த அந்தத் தலை.

"வலஞ்சுழி வனிதா," என்றாள். "நீங்க துபாய்க்குப் போயிட்டதாச் சொன்னாங்க."

"சோமனூருக்குத்தான் கண்ணு வாக்கப்பட்டுப் போனேன்."

"பேரு?"

"ஹர்ஷிதான்னு போட்டா எவன் டிக்கெட் வாங்குவான்?"

ரித்தீஷ் முதலில் சிரித்தார். செங்கோடன் அம்மாவை முதல்முறையாகப் பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பாவுக்குத் தெரியுமாம்மா?"

"கப்பல் கரைக்கு வரட்டும், சொல்லிக்கலாம். அவர் ஒருக்கா என்ற ஆட்டத்தைப் பாத்திருக்காரு. அந்த வனிதா மாதிரி உனக்குத் தைரியம் பத்தாதுன்னு இன்னைக்கும் என்னையவே சொல்லிட்டு இருக்காரு."

மணையிலிருந்து இறங்க வஞ்சி கை கொடுத்தாள். பிடித்த கை இறுகியிருந்தது, நடுக்கமில்லாமல்.

"அப்ப இந்த வளையம் இல்ல. அதனால நான் தப்பிச்சுட்டேன்," என்றார் ஹர்ஷிதா, தர்ஷனுக்கும் கேட்கும்படி. "இவ மாட்டிக்கிட்டா. எங்க ரெண்டு பேருக்கும் அவ்வளவுதானுங்க மாமா வித்தியாசம். இதுக்குப் போயி ஒருத்தியை வேண்டாம்னா, என்னையும் சேத்து அனுப்பிச்சுருங்க."

தர்ஷன் இரண்டு ஒளியுருவங்களையும் மாறி மாறிப் பார்த்தார். காப்பீட்டுக் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம். அவர் அங்கே சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் எதுவும் இப்போது உதவவில்லை.

"பொருத்தம்..." என்றார் கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொருந்தித்தான் இருக்குது. மாமியாருக்கும் மருமகளுக்கும்."

அம்மா உள்ளே ஓடினாள், கேசரி எடுத்துவர. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்று யாரிடமோ சொன்னார். வலமாகத்தான் சுற்றுவேன் என்றும் சொன்னார்.

வஞ்சி கையை விடவில்லை. "உங்களுக்கு எப்பங்க அத்தை தெரிஞ்சுது?" அத்தை என்ற சொல் தானாக வந்துவிட்டது.

"தரகர் அனுப்புன போட்டோவுல உன்ற தலை சாஞ்சிருந்துச்சு. மத்தவங்க வெக்கம்னு நெனச்சாங்க. வெக்கப்பட்டாத் தலை குனியும் கண்ணு, சாயாது. ஆனா போட்டோவை நம்ப முடியுமா? நேர்ல பாக்கணும்னுதான் வந்தேன். நாளைக்குக் கரிநாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாளைக்கு உனக்கு ரெண்டு ஆட்டம் இருக்குது, எனக்குத் தெரியும், அது கெடக்கூடாதுன்னுதான் இன்னைக்கே வந்தோம். எதிர்ச்சுத்துக்கு ஆள் இல்லாமத்தானே கிடக்குது அந்தக் கிணறு?"

"நேர்ல பாக்கன்னா... எங்கே பாத்தீங்க?"

ஹர்ஷிதா வஞ்சியைத் திருப்பி நிறுத்தினார். அவள் தலையில் அவசரமாகச் சொருகியிருந்த மல்லிகையை உருவி எடுத்து, கசங்கின இடத்தை விரலால் நீவி, மரிக்கொழுந்து நடுவில் வரும்படி மடித்து, ஊசி குத்தி மறுபடி வைத்துவிட்டார்.

"என்ற தலையில இருந்து எடுத்து நீட்டுனது. நல்லாத்தான் பறிச்ச, ஆனா ரெண்டு மொக்கு மணல்ல விழுந்துருச்சு."